வாடகைக்கு எடுத்ததாக நீ சொன்ன சட்டை

ரகு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "அம்மா, ஞாயித்துக்கிழமை ஸ்வாதி வீட்டு ஆளுங்க வராங்க. அந்தக் கம்பி, வளையம், பிளையர் எல்லாத்தையும் பரண்ல ஏத்திடு. அவங்க கிட்ட அதைப் பத்திப் பேச்சே நக்கோ, வேண்டவே வேண்டாம். ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றாய். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாய். இன்னும் நாற்பது நாளில் உனக்கும் அவளுக்கும் கல்யாணம், இந்த நேரத்தில் பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி மேடை முழுக்க வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நடுவில் "மீட்டிங் இருக்கும்மா" என்பாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதுதான். இதை நீ வேகமாகப் படித்து முடித்துவிடக் கூடாது.

நீ மறந்திருப்பாய், இந்தக் கிறுக்கை எனக்குப் பிடிக்கவைத்தவனே நீதான். நான் பாங்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருமுல்கேரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த வருஷம் அது. நீ மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமையானால் கம்ப்யூட்டரில் வாள் சண்டை விளையாடுவாய். ஒரு நாள் காபி கொண்டு வந்து வைத்தபோது திரையில் குதிரைமேல் ஒருவன் வந்தான். அவன் உடம்பில் மீன் செதிள் மாதிரி மின்னுகிற ஒரு சட்டை. நான் முப்பது வருஷம் ஸ்வெட்டர் பின்னியவள் இல்லையா, கண் அங்கேதான் போயிற்று. "இது என்னடா பின்னல்?" என்று கேட்டேன். "பின்னல் இல்லேம்மா, செயின்மெயில். இரும்பு வளையத்தை ஒண்ணொண்ணா கோத்தது. இப்பக்கூட கையால செய்யறவங்க இருக்காங்க" என்றாய். திங்கள்கிழமை ஆபீஸ் பிரின்டரில் பதினான்கு பக்கம் அச்செடுத்து வந்து என் மடியில் போட்டாய். "இந்தா, உன் ரிடையர்மென்ட் ப்ராஜெக்ட்." நீ வேடிக்கையாகத்தான் கொடுத்தாய். நான் வேடிக்கையாக வாங்கிக்கொள்ளவில்லை. பெரியவனான பிறகு நீ எனக்கென்று தேடிக் கொண்டுவந்த முதல் பொருள் அதுதான்.

பாடம் சின்னதுதான். ஒரு கம்பியை இரும்புத் தண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றினால் ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் வரும். அதை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நான்கு வளையங்கள் கோக்க வேண்டும். படிக்க அரை மணி நேரம் ஆயிற்று, கைக்கு வர நாலு மாசம். முதலில் பக்கத்து வீட்டில் மாடி கட்டினார்களே, அங்கே மிச்சம் கிடந்த கட்டுக்கம்பியில் செய்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கோத்துத் தூக்கிப் பிடித்தால், தன் கனம் தாங்காமல் வளையமெல்லாம் வாய் திறந்து மடியில் உதிர்ந்தன. பிறகு ராணிகஞ்சில் போய் துத்தநாகம் பூசிய கம்பி கேட்டேன். கடைக்கார பாய் என் புடவையையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "க்யா அம்மா, முர்கி கா ஜாலி பனாரே க்யா?" என்றார். கோழிக்கூண்டுக்கு வலை கட்டப் போகிறேனாம். "நை பாய், கமீஸ் பனாரி" என்றேன். சட்டை என்றதும் அவர் சிரிக்கவில்லை. எந்தக் கம்பி எவ்வளவு வளையும் என்று பத்து நிமிஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முன்பின் தெரியாத ஒரு மனிதர் கொடுத்த மரியாதை அது. குறித்து வைத்துக்கொள்.

அந்தக் கம்பி கையைப் பதம் பார்த்தது. கட்டிங் பிளையரில் வெட்டினால் முனை கத்தி மாதிரி கூர்மையாக நின்றது. விரலெல்லாம் கீறல், புடவையெல்லாம் இழுப்பு. உன் அப்பா ரெண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முனை ரெண்டும் நேருக்கு நேர் உக்காரணும். சந்து தெரிஞ்சா அது வளையம் இல்லே, கொக்கி" என்றார். சின்ன ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். தண்டில் கம்பி முனை மாட்ட ஒரு பள்ளம் வெட்டி, கம்பி வழுக்காமல் சுற்ற வழி செய்து கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. கோத்ததெல்லாம் நான். ஒரு தடவை இரண்டு மாச வேலையை, ஒரு துண்டைக் குறுக்காகத் திருப்பி வைத்து இணைத்துத் தொலைத்தேன். ஒரு பக்கம் துணி மாதிரி நெளிகிறது, மறுபக்கம் பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. அன்றைக்கு அழுதேன். அடுத்த நாள் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று முடிக்க. பழைய பேப்பர்காரனின் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தபோது ஒன்பது கிலோ காட்டியது. நீ ஹாஸ்டலில் போட்ட பழைய சட்டை ஒன்றைத்தான் அளவுக்கு வைத்திருந்தேன். உனக்கென்றுதான் செய்தேன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

போன வருஷம் ஆபீஸ் ஃபேமிலி டேவுக்கு அந்தச் சட்டை வேண்டும் என்று நீ கேட்டபோது நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் தெரியுமா? எண்ணெய் துடைத்து, பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். நாடகத்தில் நீ வீரன், சாஃப்ட்வேரில் வருகிற பிழைதான் அரக்கன். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அப்பாவும் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், முதுகு சாயாமல். நாடகம் முடிந்ததும் மைக் வைத்திருந்த பெண் உன்னிடம் வந்து, இந்த உடை நிஜ இரும்பு போலவே இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.  அம்மாவைக் காட்டப் போகிறான், எழுந்து நிற்க வேண்டியிருக்கும், புடவைக் கொசுவம் சரியாக இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்துக்கொண்டேன். நீ மைக்கை வாங்கிச் சொன்னாய்: "சினிமா செட்டுக்காரங்க கிட்ட வாடகைக்கு எடுத்தது." எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "கைதட்டுங்க" என்றேன் அவரிடம். நானும் தட்டினேன். ரகு, என் ஆயுசில் என் கைகள் செய்த கேவலமான வேலை அதுதான்.

அதோடு முடிந்ததா? சாப்பாட்டு வரிசையில் உன் மேனேஜரைக் கூட்டி வந்தாய். "மை மதர், பாங்க்ல இருந்து ரிடையர் ஆனாங்க. மை ஃபாதர், ரிடையர்ட் இன்ஜினியர்." மேனேஜர் கை நீட்டினார். மல்லாபூர் ஃபாக்டரியில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டிய கையை உன் அப்பா நீட்டினார். எந்தக் கம்பெனியில், எந்தப் பிரிவில் என்று மேனேஜர் மரியாதையாகக் கேட்க, உன் அப்பா "ஹவ், ஹவ்" என்று வெறுமனே ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ அதற்குள் வேறு யாரையோ கூப்பிடப் போய்விட்டாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ ஏற்பாடு செய்த வண்டியில் திரும்பினோம். பேகம்பேட்டைக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "வாடகையாம்! நான் பெத்த பிள்ளை சொல்றான், வாடகையாம்! நெஞ்சு எரியுதுங்க" என்றேன். அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார், "ரொம்ப எரியுதா?" "ஆமா." "ஹவ். எனக்கு இருபது வருஷமா அப்படித்தான் இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இத்தனை மணிக்கு வரும் என்பது போலச் சொன்னார். 

ஏன் இருபது வருஷம் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். உன்னை எல்.கே.ஜி.யில் சேர்க்க அழைத்துப் போன அன்றைக்கு, அந்த இங்கிலீஷ் ஸ்கூல் பிரின்சிபல் அம்மா உன்னிடம் குனிந்து, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். "லேத் ஓட்டறார்!" என்று நீ பெருமையாகக் கத்தினாய். ரயில் ஓட்டுகிறார் என்பது போல. நான் மேஜைக்கு அடியில் உன் தொடையில் கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன். "இன்ஜினியர், மேடம்" என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன்னை முன்னால் நிறுத்தி நாலு தடவை ஒப்பிக்க வைத்தேன். அப்பா என்ன வேலை? இன்ஜினியர். இன்னொரு தடவை? இன்ஜினியர். ஷிப்ட் முடிந்து வந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைக் கேட்டார்.  கை கழுவப் போனார். பாங்கிலும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன். நான் கௌரவமாகக் கௌண்டரில் உட்காருகிறவள், என் புருஷன் கிரீஸ் சட்டைக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆக, நீ மேடையில் சொன்ன பொய் என் பள்ளிக்கூடத்தில் படித்தது. இதை ஒப்புக்கொள்வதால் உன் மேலுள்ள கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நாலு வயசில் நான் சொல்லிக்கொடுத்ததை நீ சொன்னாய். இருபத்தைந்து வயசில் நீயே யோசித்துச் சொன்னாய்.

அப்புறம் அந்தச் சட்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது. மழைக்காலம் முழுக்க அது உன் நண்பனின் கார் டிக்கியில் கிடந்திருக்கிறது. ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்து ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். பிரித்துப் பார்த்தேன். வளையங்களின் வெட்டு வாயெல்லாம் துரு. இரண்டு கை வளைவிலும் கட்டரால் வெட்டியிருந்தீர்கள். உனக்குத் தோள் பெருத்துவிட்டது, கை நுழையவில்லை. அதற்குக் கோபமில்லை. பிளையர் எடுத்து வளையத்தைத் திறந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. என்னிடம் ஒரு போன் செய்திருந்தால் சொல்லியிருப்பேன். செய்தவளைக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அதைச் செய்தவள் என்று ஒருத்தி இருப்பதையே நீ அழித்துவிட்டாயே. நானும் அப்பாவும் அதைக் காய்ந்த மணலோடு கோணியில் போட்டுக் கட்டி, மொட்டை மாடியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உருட்டினோம். மூன்று காலை. இந்த வயசில். துரு போயிற்று. அந்த மூன்று நாளும் நான் அவரிடம் மன்னிப்பு கேட்க நினைத்தேன். கோணியை உருட்டினேனே தவிரக் கேட்கவில்லை.

கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. தீபாவளிக்கு அடுத்த வாரம் பழைய பாங்க் சினேகிதிகள் ஆறு பேர் செகந்திராபாத்தில் பத்மா வீட்டில் கூடினோம். பத்மா என்னோடு பதினெட்டு வருஷம் பக்கத்துக் கௌண்டரில் உட்கார்ந்தவள். பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னேன், "உங்க எல்லார்கிட்டயும் ஒரு பொய் சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் இன்ஜினியர் இல்லே. டர்னர். லேத்ல வேலை செஞ்சார்." யாரும் ஆச்சரியப்படவில்லை. பத்மாதான் பேசினாள். "தெரியும்டீ. எங்க கிரைண்டர் ஷாஃப்ட்டை அவர்தானே கடைஞ்சு கொடுத்தார்? அந்தக் கையைப் பார்த்தா தெரியாதா?" "அப்ப ஏன் கேட்கலே?" "நீயா சொல்லட்டும்னுதான்." இத்தனை வருஷம் நான் யாரை ஏமாற்றினேன் என்று நினைக்கிறாய்? ஒருத்தரைக்கூட இல்லை. ஊருக்கே தெரிந்த ஒன்றை மறைப்பதற்காக வீட்டில் ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுடுங்க என்றேன். டி.வி.யை நிறுத்தினார். "அந்த ஷாஃப்ட் இன்னும் ஓடுதாமா?" என்று மட்டும் கேட்டார்.

இனி ஸ்வாதி. போன வாரம் அளவு ரவிக்கை கொடுக்க அவள் ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். உனக்குச் சொன்னாளோ என்னவோ. அழைப்பு மணி அடித்தபோது நான் அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, வெட்டின கை வளைவில் புது வளையங்கள் கோத்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவைத் திறந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. "ஆன்ட்டி, இது அவர் போட்டோல போட்டிருந்த சட்டை தானே? வாடகைன்னு சொன்னாரே" என்று தெலுங்கில் கேட்டாள். ஒரு நிமிஷம், ரகு. ஒரே ஒரு நிமிஷம் உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. கல்யாணத்துக்கு முன்னாலேயே உன்னைப் பொய்யன் ஆக்க வேண்டாம் என்று விழுங்கினேன். "ஆமாம்மா, அறுந்து போச்சு. சரி பண்ணித் திருப்பிக் கொடுக்கணும்" என்றேன். கையில் பிளையர், விரலில் பிளாஸ்திரி, காலடியில் ஒரு டப்பா நிறைய வளையம். அந்தப் பெண் என்னையும் டப்பாவையும் பார்த்தாள். காபியைக் குடித்தாள். போகும்போது கிட்டே வந்து குனிந்து, "ஆன்ட்டி, காலர் பக்கம் மூணாவது வரிசையில ஒண்ணு கோக்காம விட்டுட்டீங்க" என்றாள். பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. நான் இருபது தடவை பார்த்தும் கண்ணில் படாதது.

அவளுக்குத் தெரியும். அவளும் நீயாகச் சொல்லட்டும் என்றுதான் இருக்கிறாள். அவள் எத்தனை நாள் பொறுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா இருபது வருஷம் பொறுத்திருந்தார், எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள், இருக்கவும் வேண்டாம். கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாமே, இதுதான் என் புத்தி: உன் பெண்டாட்டி என்ன செய்கிறவளாக இருந்தாலும், நாலு பேர் முன்னால் அதன் பெயரைச் சொல்லிச் சொல். ஜனங்கள் ஒரு மாதிரி நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கூட இருக்கப் போகிறவள் அவள். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அன்றைக்கு அவளிடம் சொன்னது. இனி என்னிடம் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எதுவும் பரணுக்குப் போகாது. சட்டை கூடத்தில் ஹாங்கரில் தொங்கும். யாராவது கேட்டால் முதலில் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ வாயைத் திறக்காவிட்டால் நான் திறப்பேன்.

இன்று காலையில் எழுந்ததும் நேராகக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடைக்குப் போனேன். நீ மெயிலில் அனுப்பியிருந்ததை அந்தப் பையன் கம்ப்யூட்டரில் காட்டினான். அப்பா பெயருக்குக் கீழே, ரிடையர்ட் இன்ஜினியர். "இதை டர்னர்னு மாத்துப்பா" என்றேன். "அம்மா, சார் இப்படித்தானே அனுப்பியிருக்கார், அவரைக் கேட்காம எப்படி?" என்று இழுத்தான். "அந்த சாரைப் பெத்தவ நான்தான். மாத்து" என்றேன். மாற்றினான். ஒரு நகல் அடித்துக் கொடுத்தான், வீட்டுக்குக் கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். "ஸ்பெல்லிங் சரியா இருக்கு" என்றார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். முனைக் கடைக்குப் போக ஐந்து நிமிஷம். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார், கறிவேப்பிலை இல்லாமல்.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. ஐந்நூறும் அப்படித்தான் வரும். உன் ஆபீஸ்காரர்களுக்குக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் அவர்களுக்கு மட்டும் வேறு அடித்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையில் உன் அப்பா பெயரைப் போடாதே. என் பெயரையும் போடாதே. பெற்றவர்களையும் எங்கேயாவது வாடகைக்கு எடுத்துக்கொள்.

அம்மா